டிராகனைக் கட்டிப்போட்ட வேர்க்கடலை

எனக்குக் கை சும்மா இருக்காது. பேனா மூடியைக் கடிப்பேன், காலை ஆட்டுவேன், ரயில் டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைவேன். இப்படிப்பட்டவனிடம் யாரும் கணக்கை ஒப்படைக்கக் கூடாது. 2006-இல், சிட்னியின் ஹோம்புஷில், நான்கு பேர் ஒப்படைத்தார்கள். (தப்பில் அவர்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.)

நான் ஐ.டி. படிக்க வந்த மதுரைக்காரன். கூடத் தங்கியிருந்த குகன் யாழ்ப்பாணத்தவன். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஃபிளாட்டில் பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடுவோம். குகன் கதையை நடத்துவான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். சண்டைக் காட்சி வந்தால்தான் தலைவலி. ஒருவனுக்கு நாலு சுற்றுக்கு விஷம், இன்னொருவனுக்கு இரண்டு சுற்றுக்குக் கண் தெரியாது. யாருக்கு எது, இன்னும் எத்தனை சுற்று என்று வாராவாரம் நிஜச் சண்டையே நடக்கும்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மிக்சர்! காராபூந்தி விஷம், பொட்டுக்கடலை குருடு, வேர்க்கடலை என்றால் உடம்பு மரத்து அசைய முடியாத நிலை. எத்தனை சுற்றோ அத்தனையை அவரவர் தட்டில் வைப்பேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒன்றை எடுப்பேன். "தட்டுல இருக்கறதுதான் கணக்கு. அப்புறம் யாரும் பேசக்கூடாது" என்று சட்டமும் போட்டேன். யாழினி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை பாடும்.

யாழினியும் குகன் ஊர்தான், நர்ஸ். மெல்பேர்னில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை கிளம்பவிருந்தாள். அவளுடைய பாத்திரம் ஒரு வைத்தியச்சி. இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. "இவளையும் மெல்பேர்னுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே ஆடும் நண்பர்களிடம் குகன் சொல்லி வைத்திருந்தான். ஒரே நிபந்தனை: கடைசி ஆட்டத்தில் வைத்தியச்சி உயிரோடு இருக்க வேண்டும்.

கடைசி ஆட்டத்தில் டிராகன் வந்தது. வைத்தியச்சி தன் சக்தி முழுவதையும் செலவழித்து அதை மூன்று சுற்றுக்கு மரத்துப்போக வைத்தாள். டிராகன் தட்டில் மூன்று வேர்க்கடலை வைத்தேன். முதல் சுற்று முடிந்ததும் முறைப்படி ஒன்றை எடுத்தேன். பிறகு, அடிப்பதா ஓடுவதா என்று மற்ற இருவரும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். வைத்தியச்சியோ டிராகனின் வாய்க்கு நேர் கீழே நிற்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் கால் ஆட்டியதில் மேசையே ஆடியது. கையை நான் கவனிக்கவில்லை.

"கச்சான் எத்தினை கிடக்கு?" என்றான் குகன். (வேர்க்கடலைக்கு அவர்கள் ஊரில் கச்சான்.)

தட்டு காலி.

"ரெண்டு இருக்கோணுமே?" என்று யாழினி என்னைப் பார்த்தாள். "என்ன சாப்பிடுறீங்கள்?"

"ஒண்ணுமில்லைங்க" என்று வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

"டிராகன்ர கச்சானையா?"

குகன் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தான். நான் கெஞ்சினேன். "டேய், பாக்கெட்ல நிறைய இருக்குடா, திருப்பி வச்சிரலாம்டா!"

"வேண்டாம்" என்றாள் யாழினி. "தட்டில இருக்கிறதுதான் கணக்கு. நீங்கள்தானே சொன்னனீங்கள்." பகடையை எடுத்துக் குகனிடம் நீட்டினாள். "உருட்டுங்கோ."

டிராகன் விழித்தது. இரண்டு வருட வைத்தியச்சி ஒரே உருட்டலில் போனாள். யாழினி அவளுடைய குறிப்புத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. டிராகனின் காலித் தட்டை நான் மேசைக்கு அடியில் ஒளித்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு முழுக்க ஃபிளாட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். திங்களன்று விமான நிலையத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "இனி உங்களை நம்பி ஒரு கணக்கும் தரமாட்டன்" என்றாள்.

சொன்னபடியே நடந்துகொண்டாள். மூன்று வருடம் கழித்து என்னைக் கல்யாணம் செய்த பிறகும் கணக்கெல்லாம் அவள் கையில்தான். என்மேல் கோபம் வந்தால் கத்த மாட்டாள். காலையில் என் டீ கோப்பைக்குப் பக்கத்தில் கச்சான் வைப்பாள். ஒரு கச்சானுக்கு ஒரு நாள் பேச்சு இல்லை; நாளுக்கொன்றாக அவளே எடுப்பாள். மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்து எண்ணி, "அப்பா, ஸ்டில் டூ" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போவாள்.

ஒரே ஒரு முறை, ஏதோ யோசனையில், ஒன்றைத் தின்றுவிட்டேன். மறுநாள் காலையில் ஐந்து இருந்தன.