இப்போதைக்கு ஒரு ஒயர்த் துண்டு

'இப்போதைக்குக்காரர்' என்று ஒரு பிறவி உண்டு. உங்கள் ஊர்த் தொழிற்சாலையிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தால், இவர் இரண்டு முனையும் சீவிய ஒயர்த் துண்டு வைத்திருப்பார். எதையாவது எதனோடாவது முடிந்துவிட வேண்டும் என்று அவருக்குக் கை எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கும்.

எனக்குத் தெரிந்த இப்போதைக்குக்காரர் வேலை பார்க்கும் ஆலையில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு ரோபோ நிற்கிறது. கை மட்டும்தான், ஆனால் ஆளைத் தூக்கி வீசக்கூடிய கை. கூண்டுக் கதவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கதவைத் திறந்தால் அந்தக் கைக்குப் போகும் மின்சாரம் நின்றுவிட வேண்டும். ரோபோவுக்கும் மனிதனுக்கும் நடுவே இருக்கிற ஒரே மரியாதை அதுதான்.

அந்த மரியாதை இவருக்குப் பிடிப்பதில்லை. கதவு லேசாக ஆடினாலும் வேலை நிற்கிறது. வேலை நின்றால் மேலாளர் வருகிறார். மேலாளர் வந்து கையைப் பிசைந்தால் நம்மவர் வருகிறார். பேனலைத் திறப்பார், உள்ளே முகர்ந்து பார்ப்பார், உச்சுக் கொட்டுவார், பிறகு வைத்தியர் மாதிரித் திரும்பிச் சொல்வார்:

“இப்போதைக்கு ஓட்டுவோம் சார். ஞாயித்துக்கிழமை ஒழுங்கா பண்ணிடலாம்.”

எந்த ஞாயிற்றுக்கிழமை? அதை மட்டும் யாரும் கேட்டதில்லை. ஒயர்த் துண்டு உள்ளே போகும், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே ரோபோ நினைத்துக்கொள்ளும், மேலாளர் நம்மவரின் தோளைத் தட்டிவிட்டுப் போவார். போகிற வருகிறவர்களின் தோள் பட்டு அமுங்குகிறது என்று பக்கத்துத் தூணில் இருந்த, ஆபத்தில் அமுக்கினால் ரோபோவை நிறுத்தும் சிவப்புப் பொத்தானையும் ஒருநாள் இப்படித்தான் ஊமையாக்கினார். வீட்டிலும் கைவரிசை உண்டு. அவர் மனைவி ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்ட பிறகுதான் அயர்ன் பாக்ஸைத் தொடுவார்.

அந்த மனைவியின் தம்பியை இதே ஆலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். தம்பி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், சாது. முதல் நாளே கூண்டருகே கூட்டிப்போய், “பயப்படாத மாப்ளே, கதவைத் திறந்துட்டா அதுக்கு உசுரு கிடையாது” என்று தைரியம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அது உண்மை. அதற்கப்புறம்தான் ஒயர்த் துண்டு உள்ளே போனது. அதை மைத்துனரிடம் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மத்தியானம் ரோபோவின் பிடியிலிருந்து ஒரு இரும்புத் தகடு நழுவிக் கீழே விழுந்தது. கை அடுத்த தகடு வருவதற்காக அசையாமல் நின்றது. மைத்துனர் நிதானமாகக் கதவைத் திறந்து உள்ளே போய்க் குனிந்தார். தூணில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நம்மவர் அதைப் பார்த்துவிட்டார். கத்தினார், இரைச்சலில் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினார். அது ஏன் வேலை செய்யப்போகிறது? டம்ளரைப் போட்டுவிட்டுப் பேனலுக்கு ஓடி மெயின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அடுத்த தகடு வந்ததும் இறங்கத் தொடங்கியிருந்த கை மைத்துனரின் பிடரிக்கு ஒரு சாண் மேலே நின்றது.

மைத்துனர் எதையும் கவனிக்காமல் தகட்டோடு வெளியே வந்தார்.

“என்ன மாமா, இப்படி வேர்த்துக் கொட்டுது? நான் கதவைத் திறந்துட்டுத்தானே போனேன்.”

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனலில் தான் செருகியிருந்த ஒயர்த் துண்டுகளையெல்லாம் நம்மவரே பிடுங்கினார். தூர எறிந்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை, பையில் போட்டுக்கொண்டார். நல்ல ஒயராம்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று உங்கள் வீட்டில் தடித்த கம்பியாகப் பார்த்துச் சுற்றிவைத்தது யார்? மோட்டார் சுவிட்ச் உடைந்த அன்று இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் ஒட்டியது எந்தக் கை? சரி, அதை வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா? நீங்கள் இருக்கும் தைரியத்தில் அங்கே ஒருவர் ஈரக் கையோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்களேன்.

என்ன, ஞாயிற்றுக்கிழமையா?