பீதி செய்த பூட்டு

'டிக்' என்று சத்தம் வந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

பீதி தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். ஊஹூம். கதவுக்கு உள்ளே வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் இருந்தார். கதவில், அவருக்குக் காட்டி மார்க் வாங்க வேண்டிய பூட்டு இருந்தது. நம்பர் போட்டால் திறக்கும் பூட்டு. அவளே வடிவமைத்து, அவளே புரோகிராம் எழுதி, துறையின் விருந்தினர் அறையில் அன்று காலைதான் மாட்டியிருந்தாள்.

பீதி என்பது கணினிப் பாதுகாப்புத் துறையில் கூடப் படிக்கிறவர்கள் வைத்த பெயர். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்பாள் என்பார்கள். பொய்தான், ஆனால் நம்பும்படியான பொய். போன வருடம் இதே தேர்வில், யாரோ இருமியதற்கே அவளுடைய பூட்டு திறந்துகொண்டது. ஃபெயில். இந்த முறையும் போனால் பட்டமும் கிடையாது, காத்திருக்கிற வேலையும் கிடையாது.

பதற்றத்தில் மறுபடி நம்பரை அழுத்தினாள். விரல் வழுக்கியது. இன்னொரு தரம். அதுவும் தப்பு. அடுத்ததும் தப்பு. பூட்டின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது: 'அரை மணி நேரம் கழித்து முயலவும்.'

துறைத்தலைவர் வந்து சேர்ந்தார். "என்னம்மா, சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் ஓய்வெடுக்கறேன்னு போனவரு இன்னும் வரலையே?"

"பூட்டு கோவிச்சுக்கிச்சு சார்."

"நகரு. நான் பாக்காத பூட்டா?" என்று கண்டபடி நாலு பொத்தானை அழுத்தினார். திரை 'இரண்டு மணி நேரம்' என்றது.

"அழுத்தாதீங்க சார்! தப்பா அழுத்த அழுத்த நேரம் கூடும். திருடன் சலிச்சுப் போய்த் திரும்பிடணும்னு அப்படி வச்சேன்."

"அப்ப நான் திருடனா?"

"எனக்குத் தெரியும் சார். பூட்டுக்குத் தெரியாதே."

வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற 'முதல் பெஞ்ச்' லேப்டாப்போடு ஓடி வந்தான். "தள்ளுங்க. இருக்கிற எல்லா நம்பரையும் வரிசையா விட்டுப் பாத்தா ஒண்ணு மாட்டாமலா போயிடும்?" ஒயரைச் செருகினான். லேப்டாப் கடகடவென்று நம்பர்களை அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் திரை 'அடுத்த மாதம் முயலவும்' என்றது. அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு, தனக்கு வேறு வகுப்பு இருப்பதாகச் சொன்னான்.

"மெயினை ஆஃப் பண்ணுங்கடா!" என்று தலைவர் கத்தினார்.

மாடி முழுக்க இருட்டானது. ஆய்வகத்தில் எழுதியதைச் சேமிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்தபடி வெளியே வந்தார்கள். பூட்டு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"கரன்ட் போனாலும் தாங்கும் சார், உள்ள பேட்டரி இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பீதி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உள்ள இருக்கிறவரு வெளிய வர ஏதாவது வழி வச்சியா, அதுவும் அடுத்த மாசம்தானா?"

"அது எப்பவும் திறக்கும் சார். பிடியைத் திருகினாப் போதும்."

"அப்ப அவரு ஏன் திருகலை?"

கூட்டம் கதவில் காதை வைத்தது. இத்தனை தட்டலுக்கும் கூச்சலுக்கும் உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. ஃபோனில் கூப்பிடலாமென்றால், அவருடைய ஃபோன் தலைவரின் மேஜையில் சார்ஜரோடு கிடந்தது.

"வயசானவரு வேற. மயக்கம் போட்டுட்டாரோ என்னவோ!" என்றார் தலைவர். "என் தலையைத்தான் உருட்டுவாங்க!"

பீதி அழ ஆரம்பித்தாள். பட்டம் போனால் போகட்டும், மனிதர் பிழைத்திருந்தால் போதும் என்றிருந்தது. காவலாளி கடப்பாரையோடு வந்தார். ஓங்கினார்.

கதவு திறந்தது. தலையைப் படிய வாரிக்கொண்டு தேர்வாளர் நின்றார். கடப்பாரையைப் பார்த்தார், இருட்டைப் பார்த்தார், வாசலை அடைத்து நின்ற துறையையே பார்த்தார்.

"இத்தனை பேரும் என்ன பண்றீங்க?"

"பூட்டைத் திறக்கப் பாத்தோம் சார். முடியலை" என்ற தலைவருக்குச் சட்டென்று மூளையில் ஏதோ எரிந்தது. "சார்! எங்களால உடைக்க முடியுதான்னு சோதிக்கத்தானே நீங்க திறக்காம இருந்தீங்க?"

தேர்வாளர் பீதியின் ஈரமான முகத்தைப் பார்த்தார். "பின்னே?" என்றார்.

அவளை உட்கார வைத்துப் பூட்டைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அழுத கண்ணோடேயே அவள் ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். நூற்றுக்கு நூறு! கைதட்டலில் மாடி அதிர்ந்தது. தலைவர், தான்தான் வழிகாட்டி என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். வேறு வகுப்புக்குப் போன முதல் பெஞ்ச் திரும்பி வந்து, அந்தப் புரோகிராமை ஒருதரம் காட்ட முடியுமா என்று பவ்யமாகக் கேட்டான். "பாஸ்வேர்டு சொல்லு, காட்டறேன்" என்றாள் பீதி. பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வீட்டுக்கு ஃபோன் போட்டாள். "அம்மா, பாஸ்! என் பூட்டை யாராலயும் திறக்க முடியலைம்மா!"

"உன்னாலயுமாடி?"

"என்னாலயும்தாம்மா!"

தேர்வாளரின் பையைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் ராணி போல நடந்தாள். அவர் ஏறி உட்கார்ந்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கினார்.

"உன் பூட்டு மேல ஒரு குத்தமும் இல்லம்மா, தூங்கினா எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது, நான்தான் உள்ள தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் படுத்துட்டேன்!"