வெற்றிலை மேல் வைத்த ஒரு ரூபாய்

மாரியம்மன் துணை

சூலூர்,
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

பவானியில் இருக்கும் பெரிய மச்சான் அவர்களுக்கு, சூலூர் சென்னியப்பன் மரியாதையோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி மயிலாத்தாளும் மருந்து மாத்திரைகளின் தயவில் சுகம். அங்கே உங்களுக்கும் அக்காவுக்கும் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் சத்தம் போடுவீர்கள், மீதிச் சத்தத்தை உங்கள் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து போடுவாள். காகிதம் என்றால் முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

விஷயம் என்னவென்றால், என் மகன், உங்கள் மருமகன் மிதுன் பீளமேட்டுக் கம்பெனியில் பார்த்துவந்த பர்மனென்ட் வேலையை விட்டுப்போட்டான். இன்று நேற்றல்ல, ஆடி மாதமே விட்டாயிற்று. உங்களிடம் மறைத்தது தப்புத்தான், ஆனால் பெருந்துறை நாச்சிமுத்து மகள் பிரவீனாவின் சம்பந்தத்தை நீங்கள்தான் முன்னால் நின்று பேசினீர்கள், "பையன் பர்மனென்டுங்க, கவலையே படாதீங்க" என்று சொன்னதும் நீங்கள்தான், அதனால் எனக்கு வாய் வரவில்லை. சரி, வேறு பெரிய வேலைக்குப் போனானா என்றால் அதுவும் இல்லை. அதே கம்பெனிக்கு, அதே வேலையை, நம் வீட்டு முன் ரூமில் உட்கார்ந்து கான்ட்ராக்டில் செய்கிறான். "அதே வேலைதான்னா எதுக்குக் கண்ணு விட்டே?" என்று கேட்டேன். "அப்பா, அங்க வருசா வருசம் யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னுதான் யோசிக்கறாங்க. கான்ட்ராக்டுன்னா அந்தக் கம்பெனிக்கும் செய்யலாம், இன்னும் நாலு கம்பெனிக்கும் செய்யலாம்" என்கிறான். லீவு கிடையாது, பி.எஃப். கிடையாது, கழுத்தில் மாட்டுகிற கார்டுகூடக் கிடையாது. அந்தக் கார்டை உங்கள் தங்கச்சி முருகர் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைப்பாள். இப்போது அந்த ஆணியில் கொசு பேட் தொங்குகிறது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை மச்சான், நான் மில்லில் எத்தனை காலம் பதிலியாகக் கிடந்தவன். சங்கு ஊதுவதற்கு முன்னே கேட்டில் போய் நிற்பேன். யாராவது வேலைக்கு வராமல் இருந்து, மேஸ்திரி என் பக்கம் கையைக் காட்டினால் வேலை, காட்டாவிட்டால் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்காமலே வீடு. மயிலாத்தாளைக் கேட்டு வந்தபோது உங்கள் அப்பா, "பர்மனென்ட் ஆகட்டுமுங்க, பொறவு பாக்கலாம்" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனபிறகுதான் பொண்ணு கொடுத்தார். அப்படி வாங்கின 'பர்மனென்ட்' என்கிற வார்த்தையை இந்தப் பயல் ஒரு ஈமெயிலில் தூக்கிப் போட்டுவிட்டான். எனக்கு வயிறு எரியாதா?

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பகல் பதினோரு மணிக்குப் பையன் லுங்கியோடு வாசலில் நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு வெங்கடலட்சுமி, "ஏனுங்கண்ணா, தம்பிக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டது. வேலையை விட்டுவிட்டான் என்று சொல்ல மானம் போகுதே என்று, "மஞ்சக்காமாலைங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வீதியே கீழாநெல்லியோடு வந்து நிற்கிறது. காலையில் ஒருவர் அரைத்துக்கொண்டு வந்தால் சாயங்காலம் இன்னொருவர் வேரோடு கொண்டுவருகிறார். பையன் குடிக்கமாட்டேன் என்கிறான், வந்தவர்கள் முகம் வாடக்கூடாதே என்று நான் குடித்தேன். நாக்கு செத்துப்போய்விட்டது. இந்தப் பேச்சு எந்த பஸ் ஏறிப் போனதோ, அடுத்த வாரமே நாச்சிமுத்து சம்பந்தி தோப்பு இளநீரை ஒரு மூட்டை கட்டிக்கொண்டு சம்சாரத்தோடு வந்து இறங்கிவிட்டார். உள்ளே பார்த்தால் நோயாளி மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி, காதில் மிஷின் மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் யாரையோ விரட்டிக்கொண்டிருக்கிறான். சம்பந்தி பயந்துபோய், "காச்சல் தலைக்கு ஏறிப்போச்சுங்களா?" என்று என்னைக் கேட்டார். உடம்பு தேறும்வரைக்கும் கம்பெனியே வீட்டிலிருந்து செய்யச் சொல்லியிருக்கிறது என்று அதற்கும் ஒரு பொய். தை மாதம் நிச்சயம் வைத்திருக்கிறோம், எத்தனை நாளைக்கு ஒருவனைக் காமாலையிலேயே வைத்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். நம் குமாரசாமியின் மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோது, நாமெல்லாம் தட்டு வைத்துக்கொண்டு போய்ப் பேசி அழைத்துவந்தோமே, நீங்கள்தானே அன்றைக்குப் பேசினீர்கள். இதுவும் அப்படித்தானே என்று தோன்றியது. பையனும் கம்பெனியும் ஏதோ ஒரு வார்த்தையில் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், பெரியவர்கள் நாலு பேர் போய்ப் பேசினால் சேர்த்து வைத்துவிடலாம் என்று மிதுனுக்குத் தெரியாமல் பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வேனில் பீளமேடு போனேன். தட்டில் தேங்காய், ரெண்டு சீப்புப் பழம், பூ, வெற்றிலை பாக்கு, வெற்றிலை மேல் முறைப்படி ஒரு ரூபாய். வாசலில் செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணுமுங்க?" என்றான். "உங்க ஊட்டுப் பெரியவங்களைக் கூப்புடு தம்பி" என்றேன். எங்கள் எல்லார் சட்டையிலும் விசிட்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பெரிய பங்காளி அதை இன்னும் பிய்க்கவில்லை.

வந்தது அக்ஷயா என்று ஒரு சின்னப் பெண். அதுதான் மேனேஜராம், நம் பல்லடம் பக்கத்துப் பிள்ளை. "ஏனுங் அம்மணி, பையன் ஏதோ கோவத்துல எழுதிக் குடுத்துப்போட்டான், மனசுல வெச்சுக்காதீங்க, உங்க ஊட்டுப் பையனா நெனச்சுத் திரும்பச் சேத்திக்குங்க" என்று தட்டை நீட்டினேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "அய்யோ, அவர் கோவிச்சுட்டெல்லாம் போகலீங்க, எங்களுக்குத்தான் நல்லா செஞ்சு தர்றாருங்க" என்றது. ஆனாலும் பெரியவர்கள் நீட்டுகிறோமே, வாங்காவிட்டால் மரியாதை இல்லையே என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. வளர்ப்பு அப்படி. எங்களுக்கு கேன்டீனில் காப்பியும் வாங்கிக் கொடுத்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேனில் ஏறினேன் மச்சான், காரியம் முடிந்தது என்று.

முடிந்துதான் போயிற்று. கான்ட்ராக்டில் செய்கிறவன் அந்தக் கம்பெனிக்கு வியாபாரியாம். வியாபாரியின் குடும்பம் மேனேஜருக்கு எதையும் கொடுக்கக்கூடாதாம். நான் தட்டை நீட்டியது முழுக்க கேமராவில் விழுந்திருக்கிறது. பழத்தைக்கூட விட்டுவிடுவார்களாம், வெற்றிலை மேல் இருந்த ஒரு ரூபாய்தான் விவகாரம். ரொக்கமாம்! பெங்களூரில் இருந்து ஒருத்தர் போன் போட்டு, "எந்த வேலைக்காக இந்தப் பணம் கொடுக்கப்பட்டது?" என்று மிதுனை ஒரு மணி நேரம் குடைந்திருக்கிறார். வெற்றிலையை வெறுமனே வைக்கக்கூடாது என்பதை அந்த ஆளுக்கு எப்படிச் சொல்வது? அக்ஷயாவையும் விசாரிக்கிறார்களாம். விசாரணை முடிகிறவரை மிதுனுக்கு வேலை நிறுத்திவைப்பு. இன்னும் நாலு கம்பெனி என்றானே, அதில் ஒன்றுகூட இன்னும் வரவில்லை. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம், என்னிடம் பேச்சையே நிறுத்திவிட்டான். முன் ரூமில் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட வருகிறான். என் மகன் கேட்டில் நிற்கக்கூடாது என்றுதான் ராப்பகலாகப் பாடுபட்டேன், கடைசியில் நானே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

ஆகவே மச்சான், நீங்கள் உடனே புறப்பட்டு வரவேண்டும். தாய்மாமன் சொன்னால் கேட்பான். கான்ட்ராக்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சின்னச் சம்பளமானாலும் பர்மனென்ட் வேலை ஒன்றில் சேரச் சொல்லுங்கள். நாச்சிமுத்து சம்பந்தியிடமும் நீங்களே பக்குவமாகப் பேசி, நிச்சயம் நின்றுபோகாமல் பாருங்கள். அப்படியே மிதுனை என்னிடமும் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரன் பேத்திகள் எல்லாரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல், கை நிறைய வேலையோடு, அதுவும் பர்மனென்ட் வேலையோடு, நீடூழி இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மச்சான்,
சென்னியப்பன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் கார் சத்தம். நாச்சிமுத்து சம்பந்தி, சம்சாரம், நாலு பங்காளிகள், கையில் தட்டு. சம்பந்தத்தை முறிக்கத்தான் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மனுசன் உட்காரவே இல்லை. "பெரிய மனசு பண்ணி மன்னிச்சுப்போடுங்க. பிரவீனா பர்மனென்ட்டுன்னு சொன்னமுங்க, பொரட்டாசியிலயே அவிங்க கம்பெனியில பாதிப் பேரை ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போட்டாங்க, அதுல நம்ம புள்ளையும் ஒண்ணு. உங்ககிட்டச் சொல்ல வாய் வருலீங்க" என்று கண் கலங்கிவிட்டார். நானும் காமாலையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பர்மனென்ட்டுல என்னங்க இருக்குது, விடுங்க" என்றேன். சொன்னது நான்தான் மச்சான், மயிலாத்தாள் சாட்சி. தை மாதம் நிச்சயம் உறுதி. வேலைதான் ரெண்டு பேருக்கும் இல்லை.

நான் தட்டை வாங்கக் கையை நீட்டினேன். அப்போது முன் ரூமிலிருந்து, "அப்பா, வெத்தலை மேல காசு இருக்குதான்னு பாத்து வாங்குங்க!" என்று ஒரு சத்தம். ஆகையால் நீங்கள் வந்து பேசச் சொல்ல வேண்டியதில்லை. பேசிவிட்டான்.