மாமா கடை ஷாஃப்ட்டும் என் காந்தமும்

சந்தேகப்படப் படிப்பு வேண்டியதில்லை. ஆனால் படித்தவன் சந்தேகப்பட்டால் கையில் ஒரு கருவியோடு வந்து நிற்பான். நான் காந்தத்தோடு வந்து நின்றேன்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்த புதிது. யார் நிலம் யார் பேரில் இருக்கிறதென்று தஞ்சாவூர் ஜில்லாவே ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. (எங்கள் அப்பா மாட்டின் பேரில் எழுதாததுதான் பாக்கி.) அந்தக் காற்றில் வளர்ந்தவன் பால்காரரை மட்டுமா சந்தேகிப்பான்?

நாகப்பட்டினம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராகச் சேர்ந்திருந்தேன். கடல்தண்ணீர் இறைக்கும் பம்பில், நடுவில் சுழலும் தண்டான ஷாஃப்ட்டை இரும்பில் போட்டால் உப்பு தின்று தீர்த்துவிடும். நிக்கலும் செம்பும் கலந்த உலோகம் உப்புக்கு அசையாது என்று அதில் ஒன்று வாங்கச் சொன்னார்கள். கும்பகோணத்தில் உலோகக் கடை வைத்திருந்த என் தாய்மாமாவிடமே சொல்லிவைத்தேன். அவர் மகள் பத்மாவுக்கும் எனக்கும் தை மாதம் தாம்பூலம் மாற்றுவதாக ஏற்பாடு.

தாம்பூலம் மாற்றும் அன்று விடியற்காலையில் மாமா வீட்டு முற்றத்தில் ஷாஃப்ட் பனியில் நனைந்து கிடந்தது. கும்பகோணத்தில் பித்தளை வாங்குகிறவர்கள் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. நானும் யாரும் பார்க்காதபோது வைத்தேன். ஒட்டிக்கொண்டது! இதைக் கொண்டுபோய்ப் பொருத்தினால் வேலை போய்விடும்.

அப்போதே தனியாகக் கேட்டிருக்கலாம். உச்சிவெயிலில், சபை கூடி, தாம்பூலத் தட்டை எடுத்தபோது வாயைத் திறந்தேன்.

"மாமா, நீங்க குடுத்தது இரும்பு."

அவர் முகம் சிவந்தது. "எல்லார் முன்னாலயும் வச்சுக் காட்டு மாப்ளே."

முற்றத்து வெயிலில் தகித்துக் கிடந்த ஷாஃப்ட்டில் காந்தத்தை வைத்தேன். பொத்தென்று விழுந்தது. இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் விழுந்தது.

"காலையில ஒட்டிச்சு..."

"மாப்பிள்ளைக்குத் தூக்கம் பத்தல" என்றார் ஒரு பெரியவர்.

பத்மா உள்ளேயிருந்து வந்தாள். "காலையில குளிரா இருந்துச்சு, இப்ப சூடு. குளிர வச்சுப் பாருங்களேன்" என்று, சர்பத்துக்கு வாங்கிய ஐஸைச் சாக்கில் கட்டி ஷாஃப்ட் முனையில் வைத்தாள். சற்று நேரத்தில் காந்தம் மெல்ல ஒட்டியது. (அந்த உலோகத்தின் குணமே அதுதான், குளிர்ந்தால் காந்தம் ஒட்டும், சுட்டால் விட்டுவிடும். நான் படிக்காமல் தாண்டிய பக்கத்தில் இருந்தது.)

நான் பொய் சொல்லவில்லை என்று ஆயிற்று. ஆனால் மாமா தட்டை உள்ளே எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்.

"ஒரு வருஷம் கடத்தண்ணியில கெடக்கட்டும். துருப்புடிச்சா நான் கடையச் சாத்துறேன். புடிக்கலன்னா வந்து பொண்ணு கேளு."

மாமா மேலிருந்த சந்தேகம் கடல் மேல் போயிற்று. பம்பைக் கழற்றும்போதெல்லாம் ஷாஃப்ட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அதற்குள் பத்மாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

அடுத்த தையில் மாமாவே தொழிற்சாலைக்கு வந்தார். ஷாஃப்ட்டில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்ல. கல்யாணத்த வச்சுக்கலாம்" என்றார்.

இன்றும் பால்காரரிடம் ஏதாவது கேட்க நான் வாயெடுத்தால் போதும், பத்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"ஐஸ் கொண்டாரட்டுமா?"