விரதம் இருந்த பூஞ்சை

போடிநாயக்கனூரின் சாக்கடைத் தண்ணீர் ஊருக்கு வெளியே ஒரு கல் தொட்டியில் வந்து சேரும். அந்த இடத்துக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று பெயர். நடத்துவது நீர் மீட்பு முகமை. அங்கே தண்ணீர் சுத்தமாகிறது என்று ஓர் ஆணை இருந்தது. ஆணை இருந்ததால் தண்ணீரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

தினமும் பார்த்தவள் பேச்சி ஒருத்திதான். பம்பு ஓட்டுவது, சல்லடையில் சிக்கிய துணியையும் பிளாஸ்டிக்கையும் வாருவது, பதிவேட்டில் தண்ணீரின் நிறத்தையும் மணத்தையும் எழுதுவது, இவ்வளவும் அவள் வேலை.

ஏலக்காய் விற்பனைக்குப் போவதற்கு முந்தின நாள்களில் தொட்டிக்கு வரும் குழாயில் தண்ணீர் பச்சையாக வரும். மலையிலிருந்து இறங்கிய காய் வெளுத்திருந்தால் விலை போகாது என்று சில கொட்டகைகளில் அதைச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். மிஞ்சிய சாயம் சாக்கடைக்கு வரும். சாக்கடை தொட்டிக்கு வரும். தொட்டியிலிருந்து கால்வாய்க்குப் போகும். அந்தக் கால்வாய் ஓரத்தில்தான் பேச்சியின் வீட்டுக் கிணறு. அந்தத் தண்ணீரில் பொங்கினால் சோறு பச்சையடித்துப் போகும். அதனால் அவள் மூன்று தெரு தள்ளிப் போய்க் குடத்தில் சுமந்து வந்தாள்.

பதிவேட்டில் 'பச்சை' என்று எழுதினாள். உதவிப் பொறியாளர் முத்துக்கிருஷ்ணன் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா இது, பச்சைன்னு எழுதியிருக்க?"

"பச்சையாத்தான் இருந்துச்சு சார்."

"ஏலக்காய்க்குச் சாயம் போடத் தடை இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"தடை இருக்கிறதால யாரும் சாயம் போடல. யாரும் போடாததால சாக்கடைக்குச் சாயம் வரல. அப்புறம் தண்ணி எப்படிப் பச்சையா இருக்கும்?"

பேச்சி யோசித்தாள். "அப்ப நான் பாத்தது என்ன சார்?"

"மேற்கே மலை இருக்குல்ல, அதோட நிழல்."

"குழாய்க்குள்ளயுமா சார்?"

"பெரிய மலைம்மா."

அன்று முதல் நிறத்துக்கான கட்டத்தில் 'மலை நிழல்' என்று எழுத வேண்டும் என வாய்மொழி உத்தரவு பிறப்பிக்கப்பட்டது.

இப்படி இருக்கையில், போன மழைக்குப் பிறகு தொட்டியின் கற்கள்மேல் அழுக்கு வெள்ளையாக ஏதோ படர்ந்தது. ஆறிய கஞ்சியின் ஆடை போல இருந்தது. அது பூஞ்சை. பூஞ்சை செடியும் அல்ல, புழுவும் அல்ல. அதற்கு வாய் கிடையாது. கிடைத்த பொருளின்மேல் தன் சாற்றை விட்டுக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். மரக்கட்டையையே கரைத்துத் தின்கிற இனங்கள் அதில் உண்டு. அவற்றுக்குச் சாயம் பெரிய காரியம் அல்ல.

அந்தப் பூஞ்சை விண்ணப்பம் கொடுக்கவில்லை. யாருடைய சிபாரிசுக் கடிதத்தையும் கொண்டுவரவில்லை. வந்தது, வேலையைத் தொடங்கிவிட்டது. இரண்டு மாதத்தில் கால்வாய்த் தண்ணீர் தெளிந்தது. ஒரு நாள் பேச்சி கிணற்றில் இறைத்தபோது வாளியின் அடி தெரிந்தது. அன்றைக்கு அந்தத் தண்ணீரிலேயே பொங்கினாள். சோறு வெள்ளையாக இருந்தது. குழம்பு ஊற்ற மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் சென்னையில் காளான் மோகம் தலைதூக்கியிருந்தது. காளான் காபி குடித்தார்கள், காளான் களிம்பு பூசினார்கள், காளானில் செய்த கைப்பை மாட்டினார்கள். ஆகவே, முகமையின் ஆலோசகர் சிவரஞ்சனி காரில் வந்து இறங்கினார். தொட்டி ஓரத்தில் நின்று, மூக்கைப் பொத்தாமல் மூச்சை இழுத்தார்.

"எவ்வளவு நேர்மையான வாசனை!" என்றார்.

உயிர்த் தொழில்நுட்ப விருதுக்கு உடனே விண்ணப்பிப்பதென்று முடிவாயிற்று. விண்ணப்பத்தில் நாற்பத்தொரு கேள்விகள். பதினேழாவது கேள்வி: 'இவ்வுயிரினம் உட்கொள்ளும் உணவு யாது?'

"சாயம்" என்றாள் பேச்சி.

முத்துக்கிருஷ்ணன் இருமினார். "சாயமே கிடையாதுங்க மேடம். இல்லாததை அது எப்படிச் சாப்பிடும்?"

"அப்ப அழுக்குன்னு போட்டுடலாமா?" என்று கேட்டார் சிவரஞ்சனி.

"'அழுக்கற்ற கழிவுநீர்'னு போன வருசமே நாம சான்றிதழ் வாங்கிட்டோம். இப்ப அழுக்குன்னா திருப்பிக் கேப்பாங்க."

சிவரஞ்சனி கண்ணை மூடித் திறந்தார். "எதுவும் சாப்பிடலன்னு போடுங்க. இப்பல்லாம் எல்லாரும் பதினாறு மணி நேரம் விரதம் இருக்காங்க. நல்லா எடுபடும்."

'உணவு: இல்லை. விரதம்' என்று எழுதப்பட்டது. ஏழு பேர் கையெழுத்திட்டார்கள். விருதுக் குழு நேரில் பார்வையிட வருவதாகப் பதில் வந்தது.

அப்போதுதான் முத்துக்கிருஷ்ணனுக்குக் கலக்கம் பிடித்தது. கோப்பில் விரதம் என்று இருக்கிறது. தொட்டியிலோ பூஞ்சை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்று கோப்பைத் திருத்த வேண்டும், அல்லது பூஞ்சையைத் திருத்த வேண்டும். கோப்பில் ஏழு கையெழுத்து இருந்தது. பூஞ்சைமேல் ஒரு கையெழுத்தும் இல்லை. எனவே, 'பூஞ்சைக்கு உணவளிப்பதை நிறுத்துதல் தொடர்பாக' ஒரு சுற்றறிக்கை வெளியாயிற்று. வெள்ளக்காலத்துக்கென்று இருந்த மாற்று மடையைத் திறந்து, தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் நேரே கால்வாய்க்கு அனுப்ப வேண்டும்.

"சார், மடையைத் திறந்தா பச்சைத் தண்ணி அப்படியே கால்வாய்க்குப் போயிரும். எங்க கிணறு கெட்டுரும் சார்."

"பச்சைத் தண்ணின்னு ஒண்ணு இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? இல்லாத தண்ணி எந்தக் கிணத்துக்குப் போனா உனக்கென்ன?"

"பூஞ்சை செத்துரும் சார்."

"விரதம் இருந்து யாராச்சும் செத்திருக்காங்களா? எங்க வீட்டம்மா வாரத்துல ரெண்டு நாள் இருக்காங்க."

"மிச்ச அஞ்சு நாளு சாப்பிடுவாங்கல்ல சார்?"

"பேச்சைக் குறை. வெரசா மடையைத் திற."

பேச்சி அசையவில்லை. முத்துக்கிருஷ்ணனே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு திறந்தார். பத்தொன்பது வருடப் பணியில் அவர் தன் கையால் செய்த முதல் வேலை அது.

ஒன்பதாம் நாள் பூஞ்சை கருத்துச் சருகாக உதிர்ந்தது. கிணற்றில் வாளியின் அடி மறைந்தது. பதினோராம் நாள் குழு வந்தது. தொட்டியில் மொட்டைக் கற்கள் காய்ந்து கிடந்தன.

"பூஞ்சை எங்கே?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"முதலில் உணவைத் துறந்தது. இப்போது உருவத்தையும் துறந்துவிட்டது" என்றார் சிவரஞ்சனி.

குழுவினர் நெகிழ்ந்து கை தட்டினார்கள். விருது அங்கேயே அறிவிக்கப்பட்டது. பொன்னாடை போர்த்தப் பூஞ்சை இல்லாததால் பம்புக்குப் போர்த்தினார்கள்.

பேச்சி மறுபடி குடம் சுமந்தாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தங்கபாண்டியின் ஏலக்காய்க் கொட்டகைக்குப் போனாள். சாயத் தொட்டி வைத்திருப்பவர்களில் அவர்தான் பெரியவர்.

"அண்ணே, உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன். சாயத்தை விட்டுருங்கண்ணே. கிணத்துத் தண்ணியில சோறு பொங்க முடியல."

தங்கபாண்டி கோபப்படவில்லை. "உக்காரு ஆத்தா. சாயத்துல கைய விடணும்னு எனக்கு மட்டும் ஆசையா? வாங்குறவன் பச்சையைத்தான் கேக்குறான். வெள்ளைக் காய் போதும்னு எல்லாரும் சொல்லட்டும், நாளைக்கே தொட்டியை ஒடைச்சுப் போட்டுர்றேன்."

"அவுகளுக்கு என்னண்ணே தெரியும்? விவரங்கெட்ட சனங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். சரி, வந்ததுக்கு வெறுங்கையோட போகாத. வீட்டுக்கு ஒரு பிடி அள்ளிக்க."

தரையில் இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று மலையிலிருந்து வந்தபடியே, மஞ்சளடித்து வெளிறிக் கிடந்தது. மற்றது சாயத் தொட்டியிலிருந்து எடுத்து உலர்த்தியது, பச்சைப்பசேலென்று இருந்தது. பேச்சி குனிந்து ஒரு பிடி நிறைய அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். தங்கபாண்டி வாய்விட்டுச் சிரித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். வியர்வை பட்டு உள்ளங்கை பச்சையாகியிருந்தது.

வெளியே வந்தாள். வாசலில் ஒரு குழாய் இருந்தது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொட்ட அவளுக்குத் தோன்றவில்லை. பச்சைத் தண்ணீர் வழிந்து சாக்கடையில் இறங்கியது. அது எங்கே போய்ச் சேரும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை.