பத்துக்கு நாலு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். அதை நீ நம்ப மறுப்பதால்தான் இந்தக் கடிதமே.

போன வாரம் ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். வயது ஏற ஏற மனிதர்களின் மகிழ்ச்சி கூடுகிறதா குறைகிறதா என்று ஆராய்ச்சியாம். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தாள். அதனால் உட்காரச் சொன்னேன். "பாட்டி, உங்க வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்றாள். "பாட்டின்னு கூப்பிட நீ என்ன என் பேத்தியா?" என்று கேட்டுவிட்டு, நாலு என்றேன். உடனே கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். படிவத்தில் 'மகிழ்சி' என்று அச்சாகியிருந்ததைத் திருத்திக் கொடுத்தேன். கை நடுங்குகிறது என்று குறித்துக்கொண்டாள். நடுங்கியது கோபத்தில். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட என்று கேட்டபோது உன் எண்ணைக் கொடுத்தது என் புத்தி. அவள் உன்னிடம் என்ன சொன்னாளோ, அன்று மாலையே நீ போனில், "வீட்டப் பூட்டிட்டுக் கிளம்பும்மா, ஞாயித்துக்கிழமை காரோட வரேன், இனிமே எங்களோடதான்" என்கிறாய். பின்னாலிருந்து உன் மனைவி, "பாத்ரூம்ல கைப்பிடி போட்டாச்சு அத்தை" என்கிறாள்.

நான் படித்த கான்வென்ட்டில் பத்து கடவுளுக்கு, ஒன்பது தலைமைக் கன்னியாஸ்திரீக்கு, எட்டு அகராதிக்கு. கட்டுரையில் மூன்றை எட்டியவளை அடுத்த வகுப்பிலிருந்து வந்து அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். உன் அப்பா, இருந்தவரை, தங்கமான மனிதர். அவருக்கே, குறட்டைக்குக் கழித்தது போக, மூன்றேகால்தான். இருபது வயதில் என்னைக் கேட்டிருந்தால் என் வாழ்க்கைக்கு மூன்று போட்டிருப்பேன். இப்போதைய உன் வயதில், நாற்பத்தேழில், ஒன்று: ஆபீஸ், மாமியார், கணக்கில் நீ வாங்கிய மார்க். எழுபத்தாறில் பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடுகிறேன், பிடிக்காதவர்களுக்குக் கதவைத் திறப்பதில்லை, யாருக்காகவும் வயிற்றை உள்ளிழுத்துக்கொள்வதில்லை. இத்தனை வருடம் காத்திருந்து வாங்கிய நாலு இது. கெடுக்காதே. நான் வரமாட்டேன், நீயும் வராதே.

உனக்கும் மருமகளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். நிமிர்ந்து உட்காரவும்.

கண்டிப்புடன்,
அம்மா

பி.கு. உறையை ஒட்டும் நேரத்தில் உன் மனைவி போன் செய்தாள். "தினமும் ஆபீஸ்லேருந்து வந்து, வாசல்ல கார்லயே அரை மணி நேரம் உக்காந்திருக்கார் அத்தை. கேட்டா ஒண்ணுமில்லங்கிறார்." மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வா. என் பெட்டிக்காக அல்ல, உன் பெட்டியோடு. இங்கேயும் உள்ளே வரத் தோன்றும்வரை காரிலேயே உட்கார்ந்திரு. வாசலில் நல்ல நிழல் இருக்கிறது. நான் கூப்பிட மாட்டேன்.