பின்பாதிக்குக் கூடுதல் பொறுப்பு

ஒரு திரையரங்கில் படம் ஓடுகிறது என்றால், அது ஒழுங்காகத்தான் ஓடுகிறதா என்று பார்க்க அரசாங்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அந்த ஆளுக்கு ஒரு மேசை வேண்டும், மேசைக்கு ஓர் அறை வேண்டும், அறைக்கு ஒரு துறை வேண்டும். திரைக்காட்சித் தர ஆய்வுத் துறை பிறந்தது இப்படித்தான்.

நாற்காலி ஆடுகிறதா, வெளியேறும் வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறதா, திரையில் பேசுகிறவரின் உதடும் குரலும் ஒரே சமயத்தில் வருகின்றனவா என்றெல்லாம் பார்த்து, படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது ஆய்வாளரின் வேலை. தொடக்கத்தில் ஒரே ஆய்வாளர் படம் முழுவதையும் பார்த்துவந்தார். கணக்குத் தணிக்கையில் இதற்கு ஆட்சேபம் வந்தது. படம் முழுவதையும் பார்ப்பதால் ஆய்வாளருக்கு மனநிறைவு உண்டாகிறது. பணி நேரத்தில் வெளியாரிடமிருந்து பெறும் மனநிறைவு, நடத்தை விதிகளின்படி அன்பளிப்புக்கு ஒப்பாகும் என்று அதில் எழுதியிருந்தது.

வல்லுநர் குழு ஒன்று பதினோரு மாதம் உட்கார்ந்து யோசித்து வழி சொன்னது. தொடக்கம் தெரிந்தவருக்கு முடிவு தெரியக்கூடாது. முடிவைப் பார்ப்பவருக்குத் தொடக்கம் தெரியக்கூடாது. தொடக்கம் தெரியாமல் முடிவை மட்டும் பார்ப்பவருக்கு எந்த இன்பமும் கிடைக்காது என்பதைக் குழு உறுப்பினர்கள் தங்கள் சொந்த உத்தியோக அனுபவத்திலிருந்தே அறிந்திருந்தார்கள். ஆக, இரண்டு பதவிகள் உருவாயின. இடைவேளையை யார் ஆய்வு செய்வது என்ற கேள்வியும் எழுந்தது. அப்போது தின்பண்டம் விற்பதால் அது உணவுத் துறையைச் சேர்ந்தது என்று தீர்மானம் ஆயிற்று. உணவுத் துறை அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

முற்பகுதி ஆய்வாளரை அலுவலகத்தில் எல்லோரும் முன்பாதி என்றார்கள். பிற்பகுதி ஆய்வாளர் பின்பாதி ஆனார். பதினெட்டு வருடமாக இருவருக்கும் எதிரெதிர் மேசை. மழை, முட்டிவலி, மின்விசிறியின் கிறீச் சத்தம் என்று எல்லாவற்றையும் பேசிக்கொள்வார்கள். சினிமாவை மட்டும் பேச மாட்டார்கள். அது விதிக்கு முரணானது.

இதன் முழுப் பாரமும் முன்பாதியின் மனைவி மேல் விழுந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அன்று பார்த்ததை அவர் ஒன்றுவிடாமல் சொல்வார். அந்த அம்மாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார்.

"அப்புறம்?"

"இடைவேளை."

"நம்ம வீட்டுல எத்தனை பேரு பாதியில நிக்கறாங்க தெரியுமாங்க? ஒருத்தி ரயில் தண்டவாளத்துல ஓடிக்கிட்டே இருக்கா. ஒருத்தன் மலை விளிம்புல தொங்க ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆச்சு. கை வலிக்காது அவனுக்கு?"

சொந்தச் செலவில் போய் மீதியைப் பார்க்கலாமே என்று யாரும் கேட்கக்கூடும். பார்க்கலாம். ஆய்வு செய்த படத்தை ஆய்வாளரோ அவர் குடும்பத்தினரோ தனிப்பட்ட முறையில் பார்க்க முன் அனுமதி பெற வேண்டும், அவ்வளவுதான். அனுமதி வர நாற்பத்தைந்து வேலை நாட்கள் ஆகும். படம் ஒரு வாரம் ஓடும். முன்பாதியின் பீரோவில் நூற்றுப் பதினான்கு அனுமதி ஆணைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஊரை விட்டுப் போய்விட்ட ஒரு படத்தைப் பார்க்க அவருக்கு முழு அதிகாரம் அளித்தது.

இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் இல்லாமல்தான் காலம் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை அந்தப் படம் அவர் ஆய்வுக்கு வந்து கெடுத்தது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. அச்சகத்தில் வேலை செய்யும் ஒருவன். மனைவி இல்லை. மகளுக்குக் காய்ச்சல். குழந்தையைத் தனியாகப் படுக்கவைத்துவிட்டு மருந்து வாங்க ஓடுகிறான். வாங்கிவிடுகிறான். திரும்பும்போது அவசரத்தில் தப்பான பேருந்தில் ஏறி, அசதியில் தூங்கிவிடுகிறான். கண் விழித்தால் தெரியாத ஊர். சட்டைப் பையில் மருந்து சீசா. "இது எந்த ஊருங்க?" என்று கேட்கிறான். நடத்துநர் அவனைத் திரும்பிப் பார்க்கிறார். இடைவேளை.

அன்று காய் நறுக்குவது நின்றது.

"அந்தக் குழந்தை தனியா கிடக்குங்க."

"தெரியும்."

"அவன் வீட்டுக்குப் போனானா இல்லையா? மலையில தொங்கறவனை நான் கேக்கல. இவனை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

முன்பாதிக்கும் ராத்தூக்கம் போயிற்று. திங்கட்கிழமை காலை, பதினெட்டு வருட மரபை உடைத்துக்கொண்டு எதிர் மேசைப் பக்கம் குனிந்தார்.

"யோவ், அந்த மருந்து வாங்கப் போனவன்..."

பின்பாதி கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. "எந்த மருந்து? எவன்?"

"நீ அந்தப் படத்தோட பின்பாதியப் பார்த்தேல்ல?"

"பார்த்தேன். யாரோ ஒரு ஆளு. என்னத்துக்கோ அழறான். சட்டைப் பையில ஒரு சீசா வச்சிருக்கான். சாராயம்னு நினைச்சேன்."

"மருந்துய்யா அது."

பின்பாதி பேனாவை வைத்துவிட்டார். "மருந்தா? நான் அவனைக் கண்டபடி திட்டிட்டேனே, மனசுக்குள்ள."

"கடைசியில என்ன ஆச்சு?"

"அது ரகசியம். விதி."

"என்கிட்டயே விதியா?"

"உன்கிட்டதான்யா அந்த விதியே." ஆனால் சீசா அவரையும் உறுத்தியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். வியாழக்கிழமை நான் விடுப்பு போடறேன். என் வேலை கூடுதல் பொறுப்பா உனக்கு வரும். வேற ஆளே கிடையாது. அடுத்த வாரம் நீ போடு, நான் ஒரு முன்பாதியப் பார்க்கறேன். வாழ்க்கையில ஒரு தடவையாவது யாரு அப்பா, யாரு மகன்னு தெரிஞ்சு ஒரு படம் பார்க்கணும்யா."

துணை இயக்குநர் அம்மையார் விடுப்பு விண்ணப்பத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பதினெட்டு வருஷத்துல முதல் விடுப்பு. என்ன காரணம்?"

"முட்டிவலி, மேடம்," என்றார் பின்பாதி.

"ரெண்டு பாதியையும் ஒருத்தரே பார்த்தா மனநிறைவு வந்துடாதா?"

"கூடுதல் பொறுப்புல யாருக்கு மேடம் மனநிறைவு வந்திருக்கு?" என்றார் முன்பாதி.

அம்மையார் தாமே மூன்று கூடுதல் பொறுப்புகளை வகித்துவந்தார். மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்.

வியாழக்கிழமை அந்தப் படத்துக்குக் கடைசி நாள். முன்பாதி பகல் காட்சிக்குப் போய்த் தன் வழக்கமான இருக்கையில் அமர்ந்தார். அரங்கம் நிரம்பியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு குடும்பம் திரைக்கு முதுகு காட்டி நின்று, தாங்கள் சினிமா பார்ப்பதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டது. படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதிலேயே அவர்களுக்கு முதல் அரைமணி போயிற்று.

இடைவேளை மணி அடித்ததும் முன்பாதியின் கால்கள் தாமாகவே எழுந்து வாசல்வரை போய்விட்டன. அவர் அவற்றைத் திரும்ப அழைத்துவந்து உட்காரவைத்தார். விளக்கு அணைந்தது. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக இடைவேளைக்கு அப்புறமும் உலகம் இருந்தது.

அந்த ஆள் தெரியாத ஊரில் அலைந்தான். யாரும் வழி சொல்லவில்லை. மழையில் நனைந்தான். சீசாவை மட்டும் நனைய விடவில்லை. ஒருவழியாகச் சரியான பேருந்து கிடைத்து ஏறினான். முன்பாதி இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். அப்போதுதான், கடமை உணர்வு மிக்கவர் ஆகையால், மடியிலிருந்த பிற்பகுதிப் படிவத்தை ஒருமுறை பார்த்தார்.

இருபத்தேழாம் இனம்: காட்சி முடியும் நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்பிருந்து ஆய்வாளர் வெளிவாசலில் நின்று, அரங்கம் காலியாகும் வேகத்தைக் கடிகாரம் வைத்து அளக்க வேண்டும்.

காட்சி முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கையில் கடிகாரத்தோடு வெளிவாசலில் நின்றபடி அவர் பின்பாதிக்குத் தொலைபேசினார்.

"யோவ், அப்ப நீ எந்தப் படத்தோட முடிவையும் பார்த்ததே இல்லையா?"

"அதான் ரகசியம்னு சொன்னேன்ல."

"பதினெட்டு வருஷமா?"

"வெளிய வர்றவங்க மூஞ்சியப் பார்ப்பேன். அதுல ஓரளவு தெரிஞ்சுடும்."

முன்பாதியும் முகங்களைப் பார்த்தார். முதலில் ஓர் அம்மாள் வேகமாக வந்தார், பின்னால் நாலு பேர்.

"அம்மா, ஒரு நிமிஷம். அவன் வீட்டுக்குப் போனானா?"

"எவன்? நாங்க காரை எடுக்கணும்ங்க. கூட்டத்துல மாட்டிக்கக் கூடாதுன்னு கிளம்பிட்டோம்."

அடுத்து வந்தவர் படம் அருமை என்றார். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போட்டுவிட்டாராம். எப்போது போட்டார் என்று கேட்டதற்கு, இடைவேளையில் என்றார். மூன்றாமவர் கொட்டாவி விட்டபடி, அரங்கில் குளிர்ச்சி நன்றாக இருந்ததென்று சான்றளித்தார். கடைசிவரை உட்கார்ந்திருந்தவர் தாடி வைத்த ஓர் இளைஞர் மட்டும்தான். முன்பாதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்களாவது சொல்லுங்க. முடிவு என்ன?"

"முடிவே இல்ல சார். பஸ் போய்க்கிட்டே இருக்கு. டக்குனு இருட்டு. மீதிய நம்மகிட்ட விட்டுட்டாரு டைரக்டர். விமர்சனம் எல்லாத்துலயும் அந்த இருட்டைப் பத்தித்தான் எழுதியிருக்காங்க. நானே நாலு பக்கம் எழுதியிருக்கேன்."

அரங்க மேலாளர் பக்கத்தில் நின்று பாப்கார்ன் காலி டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் சங்கடமாகக் கனைத்தார்.

"அது டைரக்டர் பண்ணதில்ல சார். நாங்க பண்ணது."

"என்னது?"

"ஒரு நாளைக்கு அஞ்சு காட்சி போடணும்னு மேலிடத்துல சொன்னாங்க. நேரம் இடிச்சுது. முன்னாடி வெட்டினா சண்டைக்கு வருவாங்க, அப்பதான் எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க. கடைசி பதினோரு நிமிஷத்தை வெள்ளிக்கிழமை ராத்திரியே எடுத்துட்டோம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. உங்க பின்பாதி சார்கூட 'முழுமையாகக் காட்டப்பட்டது'ன்னு எழுதிட்டுப் போனாரு."

காரை எடுக்கப் போய், கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அம்மாள் திரும்பி வந்தார். "அப்ப எங்களுக்கு முடிவையே காட்டலையா?"

"நீங்கதான் அதுக்கு முன்னாடியே எழுந்துட்டீங்களேம்மா."

"எழுந்து போறது எங்க இஷ்டம். அதுக்காக நீங்க போடாம இருக்கலாமா? காசு முழுசாத்தானே வாங்கினீங்க?"

ஐந்து நிமிடத்தில் வாசலில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். முடிவு வேண்டும் என்றார்கள். தாடி இளைஞர் மட்டும், முடிவைப் போட்டால் படம் கெட்டுவிடும், தம் நாலு பக்கமும் வீணாகிவிடும் என்று மன்றாடினார். மேலாளர் நல்ல மனிதர். முன்பாதியைத் தனியே அழைத்தார்.

"சார், மீதியைக் காட்டச் சொல்லி ஒரு உத்தரவு எழுதிக் கையெழுத்து போடுங்க. இப்பவே அந்தப் பதினோரு நிமிஷத்தைப் போட்டுடறேன். நாளைக்குப் படம் போயிடும்."

முன்பாதியின் பேனா மூடி தானாகத் திறந்தது. பதினெட்டு வருடத்தில் அவர் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. ஆனாலும் கையெழுத்துக்கு முன் விதிப்புத்தகத்தைப் பார்ப்பது அவர் பழக்கம். ஒன்பதாம் விதி தெளிவாக இருந்தது: விடுபட்ட பகுதியை உடனே காட்ட ஆணையிடும் அதிகாரம், கதையின் முடிவை அறிவதில் தனிப்பட்ட ஆர்வம் ஏதும் இல்லாத ஆய்வாளருக்கு மட்டுமே உண்டு.

அவர் தன் மனசாட்சியைக் கேட்டார். ஆர்வம் இருந்தது. ஏராளமாக இருந்தது. மறுபடி தொலைபேசினார்.

"யோவ், நீ வந்து ஒரு கையெழுத்துப் போடு. உனக்குத்தான் கதையே தெரியாதே."

"மருந்துன்னு நீ சொல்லித் தொலைச்சுட்டியே. எனக்கும் ஆர்வம் வந்துடுச்சு. அதோட நான் விடுப்புல இருக்கேன்."

முன்பாதி பேனாவை மூடினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி திறந்தார். கூட்டத்தைப் பார்த்து, வழக்கமான குரலில், "எல்லாரும் வரிசையா வாங்க. புகார் எழுதிக் குடுங்க. நாற்பத்தஞ்சு வேலை நாளுக்குள்ள உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்றார்.

மேலாளர் மறுபடி காலி டப்பாக்களை எண்ணப் போனார். ஆனால் கூட்டத்தின் முகம் மலர்ந்தது. ஒவ்வொருவருக்கும் எண்ணிட்டு முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். காருக்குப் போன அம்மாள், "கேட்டாத்தான் எதுவும் நடக்கும்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு போனார். முடிவைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு திருப்தியோடு போயிருப்பார்களா என்பது சந்தேகம். தாடி இளைஞரும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டார், முடிவைப் போடக்கூடாது என்று.

முன்பாதி படிவத்தின் கடைசி இனத்தை நிரப்பினார். ஆய்வாளருக்கு மனநிறைவு ஏற்பட்டதா? 'இல்லை' என்று எழுதினார். துறையின் நோக்கம் முழுமையாக நிறைவேறியிருந்தது.

வீட்டில் மனைவி வாசலிலேயே காத்திருந்தார். கணவர் செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"என்னங்க, அந்த மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா இல்லையா?"

முன்பாதி செருப்பை ஒழுங்காக ஓரமாய் வைத்தார். நாற்பதுக்கு அடுத்ததாகத் தாமே எழுதித் தாமே முத்திரை குத்திக்கொண்ட நாற்பத்தோராம் ஒப்புகைச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மனைவி கையில் கொடுத்தார்.

"பரிசீலனையில இருக்கு."

அந்த அம்மாள் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மடித்து, பீரோவைத் திறந்து, நூற்றுப் பதினான்கு ஆணைகளுக்கு மேலே வைத்தார்.

"பாவம்," என்றார். "அந்தக் குழந்தைக்கு இன்னும் நாற்பத்தஞ்சு நாள் காய்ச்சல்."